கட்டேலோ விட்டுவைத்த பெட்டை

என் வீட்டுக்காரர் கட்டேலோவின் பட்டியில் நல்ல பெட்டை ஒட்டகம் தங்கியதாகச் சரித்திரமே இல்லை. பாலுக்கு வழியில்லாதவனிடம் ஒரு பெட்டையை விட்டுவைப்பது ஒட்டகம் மேய்க்கும் எங்கள் கப்ரா ஜனங்களின் வழக்கம். பால் அவனுக்கு, அது ஈனும் பெட்டைக்குட்டி நமக்கு. மற்றவர்கள் ஒன்றிரண்டு விடுவார்கள். இவர் சால்பி பாலைவனத்தின் நாலு பக்கமும் விட்டுவைத்தார்.

“நம்ம பிள்ளைங்க காத்தைக் குடிச்சா வளரும்?” என்பேன்.

“மேகம் நம்ம பட்டி மேலதான் வந்து நிக்கும்னு யாராச்சும் சொன்னாங்களா?” என்பார்.

அடுத்தடுத்து இரண்டு பருவ மழையும் பொய்த்தன. ஆடுகள் முதலில் விழுந்தன, பிறகு ஒட்டகங்கள். மழையில்லாவிட்டால் ஆண் ஒட்டகம் பெட்டையை ஏறெடுத்தும் பார்க்காது. அதனால் செத்தது போக மிஞ்சியதிலும் சினை இல்லை. கடைசிப் பெட்டையும் போனபின் பிள்ளைகளுக்கு வெறும் டீதான். இனி மர்சபித் டவுனில் கல் உடைக்கத்தான் போகவேண்டும். அப்படிப் போன மேய்ச்சல்காரன் எவனும் திரும்பி வந்ததில்லை.

ஹூரி மலைப் பக்கம் மட்டும் இரண்டு தடவையும் மழை என்று சேதி வந்தது. அங்கே போனாயா என்பவரிடம் இவர் விட்டுவைத்த பெட்டை ஒன்று இருந்தது. “போய்க் கேட்டு ஓட்டிட்டு வாய்யா” என்று விரட்டினேன். வெறுங்கையோடு வந்தார்.

“அவன் பொண்டாட்டி பிள்ளை பெத்திருக்கா. அந்த வீட்டுல எப்படிக் கேக்குறது? நெய்யில வறுத்த காபிக்கொட்டை குடுத்தாங்க, தின்னுட்டு வந்துட்டேன்.”

“ரொம்ப நல்லது. அந்தக் கொட்டையைக் கறந்து பிள்ளைங்களுக்கு ஊத்து.”

டவுனுக்குக் கிளம்பக் கோபத்தோடு பாய்களைச் சுருட்டினேன். கூடாரக் கம்பை அவிழ்க்கும்போது ஒட்டக மணி கேட்டது. போனாயா வந்துகொண்டிருந்தார். பின்னால் கன்றோடு ஒரு கறவை, அதற்குப் பின்னால் நிறைசினையாக இன்னொன்று.

“ரெண்டும் உங்க பெட்டை போட்டது மதினி. அன்னைக்குத் தூர மேய்ச்சல்ல நின்னுச்சு. அண்ணன் வாயே திறக்கல. இந்த வெயில்ல காபிக்கொட்டை திங்கவா ஒரு மனுஷன் நடந்து வருவான்னு என் பொண்டாட்டிதான் திட்டி அனுப்பினா. தாய் மட்டும் எங்க கைக்குழந்தைக்கு நிக்கட்டும்.”

அன்று சாயந்தரம் என் பிள்ளைகளின் உதட்டில் பால் நுரை. கடவுளுக்கும், நான் பார்த்தேயிராத அந்தப் பச்சை உடம்புக்காரிக்கும் மனசாரக் கும்பிடு போட்டேன்.

கட்டேலோ சினைப்பெட்டையைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டு சோராவின் காலிப் பட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்க மட்டும் பயம்.

“என்னய்யா முழிக்கிற?” என்றேன். “ஓட்டிட்டுப் போ. சோரா வீட்டுலயும் டீதான் கொதிக்குது.”