லூசெர்ன் சிங்கமும் ஒரு விசாவும்

வெயில் காலத்தில் எங்கள் அர்பாப், அதாவது அரபு முதலாளி, குடும்பத்தோடு ஸ்விட்சர்லாந்து போகும்போது, சமையல்காரனான என்னையும் கூட்டிக்கொண்டு போவார். எந்த ஊரைச் சுற்றிப் பார்த்தாலும் மத்தியானம் அவர்களுக்கு அரிசியும் ஆட்டுக்கறியும் ஒன்றாக வெந்த மச்பூஸ்தான் வேண்டும். போன வருஷம் லூசெர்ன் நகரத்து வாடகை வீட்டிலும் அமீரகத்துப் புஜைரா வீட்டு வாசனைதான்.

அந்தப் பயணம் முழுக்க ஒரு பாரம் கூடவே வந்தது. கிளம்பும் முன் அர்பாப், "உன் மகனுக்கு விசா தர்றேன், என் குடோன்லயே வேலை. திரும்புறதுக்குள்ள பதில் சொல்லு" என்றிருந்தார். பையன் அப்போதுதான் டிப்ளமோ முடித்திருந்தான். கேட்டால், "நீங்க சொல்றதுதாம்ப்பா" என்பான். மனைவியோ, "உங்களுக்கும் ஒரு துணையாச்சு" என்பாள். ஆக, முடிவு என் தலையில்.

புஜைராவில் நம்மூர்க்காரர்களோடு நான் தங்கியிருக்கிற ரூமில் ஒரு வழக்கம். யார் எங்கே போனாலும், ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ரூமுக்கே ஊரைச் சுற்றிக் காட்டியாக வேண்டும். தண்ணீர் கேனில் போனைச் சாய்த்துவைத்து, சாப்பாட்டுத் தட்டோடு எல்லோரும் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அர்பாப்பும் மேடமும் வாட்ச் கடைக்குள் போனவர்கள் வெளியே வருகிற வழியாகத் தெரியவில்லை. ரூமுக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டு, கல்லூரியில் படிக்கிற அவர்கள் மகளோடு நான் நடந்தேன். முதலில் ஆற்றின் மேல் இருக்கிற பழைய மரப்பாலம். ஓரமெல்லாம் பூத்தொட்டி, கூரைக்கு அடியில் வரிசையாகப் படங்கள், பக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு கல் கோபுரம்.

"என்னண்ணே, பாலத்துக்குக் கூரை போட்டிருக்கான்!" என்றான் புதுக்கோட்டை வெல்டர். ரூமில் வாய் ஓயாதவன் அவன்தான். "நமக்கு சைட்ல நிழல் இல்ல. அவன் பாலத்துக்கே நிழல் குடுத்திருக்கான் பாருங்க."

அடுத்து அந்தச் சிங்கம். குளத்துக்கு அப்பால், பாறைச் சுவரில் குடைந்து செதுக்கியது. பெரியது. தலையைச் சாய்த்துப் படுத்திருக்கிறது.

"தூங்குதாண்ணே?"

"இல்லடா, சாகுது. விலாவுல பாரு, ஈட்டி."

அந்தப் பெண் தன் போனில் படித்து எனக்கு அரபியில் சொன்னாள். நான் ரூமுக்குத் தமிழில் சொன்னேன். முன்காலத்தில் இந்த நாடு ஏழை நாடாம். பிழைக்க வழியில்லாமல் பையன்கள் அடுத்த நாட்டு ராஜாக்களிடம் சிப்பாய் வேலைக்குப் போவார்களாம். அப்படிப் போய், பாரிஸில் ராஜாவின் அரண்மனையைக் காக்கப்போய்ச் செத்தவர்களுக்காகத்தான் இந்தச் சிங்கம்.



"அப்ப ஸ்விஸ்காரனும் கல்ஃபுக்குப் போனவன்தானா!" என்றான் வெல்டர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு, துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பெரியவர் கேட்டார்: "தம்பி, பாடியாவது ஊருக்கு வந்துச்சாமா?"

அவளிடம் கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, தெரியவில்லை என்று தலையாட்டினாள். சுற்றி எல்லோரும் சிங்கத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

ராத்திரிச் சாப்பாடு எடுத்துவைக்கும்போது அர்பாப்பிடம் சொன்னேன், பையன் ஊரிலேயே இருக்கட்டும் என்று. "கலாஸ்" என்றார், அத்தோடு முடிந்தது என்கிற மாதிரி. கோபம் ஒன்றும் இல்லை. காய்ந்த ரொட்டியைக் கேட்டார், கொடுத்தேன்.

விஷயத்தை ரூமுக்குச் சொல்லியிருந்தேன்; மறுநாள் வெல்டர் போனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, அந்த விசா சும்மாதானே கெடக்கு? என் மச்சானுக்குக் கேளுங்கண்ணே."

"நேத்து நீயும் சிங்கத்தைப் பார்த்தேல்ல?"

"பார்த்தேண்ணே. நல்லாத்தான் செதுக்கியிருக்கான். ஆனா இவனுக்கு ஊர்ல வேலை இல்லையேண்ணே."

என் பையனிடம் டிப்ளமோ இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு அந்த வசதி இருந்தது. டீ கொண்டுபோய்க் கொடுக்கும்போது அர்பாப்பிடம் கேட்டேன். தலையசைத்தார்.

இப்போது என் மேல்கட்டிலில் தூங்குவது அந்த மச்சான்தான். நல்ல பையன். என் மகன் திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். சம்பளம் போதவில்லை என்று போன வாரம்தான் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து, செய்தது சரிதானா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"ஸ்விஸ்ல என்னென்னண்ணே பார்த்தீங்க?" என்று மச்சான் ஒருநாள் மேலேயிருந்து தலையை நீட்டினான். போனை எடுத்தேன். பாலம், கோபுரம், ஏரி, அதில் நீந்துகிற அன்னம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். சிங்கம் வந்ததும் விரலால் சட்டென்று தள்ளிவிட்டேன்.

"அது என்னண்ணே?"

"பாறை" என்றேன்.