கிரகணத்தில் முறுக்கிய இழை

எனக்கு வலது கால் சூம்பியது. மூன்று வயதில் காய்ச்சல் வந்தது, போகும்போது காலையும் கூட்டிக்கொண்டு போனது என்று அம்மா சொல்வாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் ஐயோ என்று சொல்ல வேண்டாம். அந்த ஐயோவைச் சின்ன வயதிலேயே வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. தறிக்குழியில் உட்கார்ந்து மிதிக்க என் காலால் ஆகாது. ஆனால் ராட்டினம் சுற்றி, குறுக்கிழைக்கு வேண்டிய பட்டைத் தார்க்குச்சியில் ஏற்றக் கை போதுமே. பிள்ளையார்பாளையத்தில் என்னைப்போல முடிச்சு விழாமல் பட்டுத் தார் சுற்றியவள் அப்போது யாரும் கிடையாது. இன்றைக்கும் இதைத் தலை நிமிர்ந்தே சொல்வேன்.

எனக்குப் பதினேழு வயது நடந்த வருஷம் அண்ணி கர்ப்பமானாள். அண்ணிக்கும் என்னைவிட ஒரு வயதுதான் கூட. அவள் மசக்கையாய் வாந்தி எடுத்த அன்றைக்கு அவளைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். எனக்குக் கல்யாணம் இல்லை என்று வீட்டில் அப்போதே முடிவு செய்திருந்தார்கள். அந்தக் குழந்தைதான் என்னை அத்தை என்று கூப்பிடும். என் மடியில் வளரும். அது எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் அந்த வீட்டில் கேட்டதில்லை.

அவளுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது சூரிய கிரகணம் வந்தது. காலையிலேயே பிடிக்கும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது. அதற்குள் முடித்துவிடலாம் என்று அண்ணன் விடியும் முன்பே தெருவில் பாவை நீட்டிவிட்டான். பாவு என்றால் புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற இழைகள். தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காயக் காய வாரிவிட வேண்டும். நீட்டிய பாவைப் பாதியில் சுருட்ட முடியாது. கஞ்சி ஒட்டிக்கொண்டு மொத்தப் பட்டும் பாழாகிவிடும். வேலை முடிகிற நேரத்தில் யார் வீட்டுக் கன்றுக்குட்டியோ அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து பாவுக்குள் புகுந்தது. கொத்தாக இழைகள் அறுந்து தொங்கின. வெயில் அதற்குள் மங்க ஆரம்பித்துவிட்டது.

மற்றப் பெண்கள் எல்லாம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அண்ணன் ஒற்றை ஆளாய் அல்லாடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்த அண்ணி வெளியே ஓடினாள். உட்கார்ந்து, இழை வழுக்காமல் இருக்க விரலில் சாம்பலைத் தொட்டு, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கி முறுக்கி ஒட்டவைத்தாள். அம்மா வாசலில் நின்று கத்தினாள். "வயித்துல புள்ளய வெச்சிக்கினு கிரகணத்துல கை வேலை செய்றியேடி! உள்ள வாடி!" அண்ணி கடைசி இழையையும் ஒட்டிவிட்டுத்தான் எழுந்தாள். பட்டு பிழைத்தது. அண்ணன் பாவைச் சுருட்ட ஆரம்பித்தான்.

கர்ப்பிணி கிரகணத்தில் எதையாவது அறுத்தால் பிள்ளைக்கு உதடு பிளந்திருக்கும், எதையாவது முறுக்கினால் கை கால் முறுக்கிக்கொள்ளும் என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். மறுநாள் நான் வேலைக்குப் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது.

நான் வேலை செய்த முதலாளி வீட்டுக் கூடத்தில் நாங்கள் மூன்று பெண்கள் உட்காருவோம். அடுத்த தெருவிலிருந்து ஒரு தெலுங்குக்காரப் பெண், பதினாறு வயது, என் பக்கத்து ராட்டினம். முதலாளியின் மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. வேலை ஒன்றும் இல்லை அவளுக்கு. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு வாயடிப்பதற்காக உட்காருவாள்.

"உங்க அண்ணி சும்மா வெளிய வந்தாளா, இல்ல கை வேலை செஞ்சாளா?" என்று தெலுங்குக்காரப் பெண் கேட்டாள்.

"பாவுல எழ அறுந்துச்சி. முறுக்குனா."

"அம்மாடியோவ்!" அவள் ராட்டினம் நின்றுவிட்டது. "அறுத்திருந்தாலாவது ஒதடுதான் போவும். முறுக்குனா எல்லாமே இல்ல முறுக்கிக்கும்? பேசாம கலைச்சிடச் சொல்லுடி. ரெண்டு வேளை கஷாயம் குடிச்சா ஆச்சு."

முதலாளி மகள் புத்தகத்தை மூடினாள். "கிரகணம்லாம் சயின்ஸ்ல கெடையாதுடி. அது வெறும் நெழல். ஆனா அபார்ஷன் பண்ணிக்கலாம், தப்பில்ல. கவர்ன்மெண்டே லா போட்டுட்டாங்க, ரேடியோல சொன்னாங்களே. கொழந்த ஊனமா பொறக்கும்னா டாக்டரே பண்ணுவாங்க."

"கிரகணத்துல ஒண்ணும் ஆவாதுன்னு நீயே சொல்ற. அப்புறம் எதுக்குடி கலைக்கணும்?" என்றேன்.

"ஒருவேளை வேற எதுனா காரணத்தால அப்பிடிப் பொறந்துட்டா? உங்க வீட்டுல ஏற்கெனவே..." என்று இழுத்தாள். படித்த பெண், மரியாதை தெரிந்தவள், நிறுத்திக்கொண்டாள்.

மற்றவள் முடித்துவைத்தாள். "ஏற்கெனவே ஒண்ணு கெடக்குது. ரெண்டாவதுக்கு யாரு சோறு போடுவா?"

"எனக்கு எவளும் சோறு போடல. நீ ஒரு தார் சுத்தறதுக்குள்ள நான் ரெண்டு சுத்தறேன். உனக்குத்தான் யாரோ போடறாங்க."

"கோச்சிக்காதடி. நெஜமா சொல்லு. நீ பொறக்காமயே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு உனக்குத் தோணினதே இல்லியா?"

"என்னைப் பத்தித் தோணினதில்ல. உன்னைப் பாக்கறப்பல்லாம் தோணும்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெலுங்குக்காரப் பெண்ணுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அவளுக்கு ரோஷமே வராது. அதுதான் எனக்கு எரிச்சல். பிறகு முதலாளி மகளுக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவியை இப்படித்தான் தேர்ந்தெடுப்பார்களாம். "ஓட்டுப் போடலாம்டி. கலைக்கணும்னு சொல்றவங்க கை தூக்குங்க!"

இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்றில் மை, ஒன்றில் சாயம்.

"வேணாம்னு சொல்றவங்க?"

நான் தூக்கவில்லை. என் அண்ணன் பிள்ளைக்கு இவர்களிடம் ஓட்டுக் கேட்கிற நிலைமையில் நான் இல்லை என்று ராட்டினத்தைச் சுற்றினேன். "அப்போ ஏகமனதா பாஸ்," என்றாள் முதலாளி மகள். அதற்கும் சிரிப்பு. அந்த வயதில் அடுத்தவர் பிள்ளையைச் சாகடிப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. அவர்களைப் பொல்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். மத்தியானம் எனக்கு மாங்காய்ப் பத்தை வாங்கிக் கொடுத்ததும் அவர்கள்தான்.

வீட்டில் அம்மா யோசனையும் வேறு வழியாகக் கலைப்பதிலேயே போய் நின்றது. அண்ணி ராத்திரி தூங்காமல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் போய், "பெத்துக்கோ அண்ணி, எப்பிடிப் பொறந்தாலும் நான் தூக்கிக்கிறேன்," என்றேன். "நீயா?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நான் எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பேன் என்று நிஜமாகவே யோசித்தாள்.

நாலு நாள் கழித்து அம்மா ரிக்ஷா கூப்பிட்டாள். அண்ணியோடு என்னையும் ஏறச் சொன்னாள். எனக்கென்று அவள் ரிக்ஷா வைத்ததே இல்லை, கோயில் தேருக்குக்கூட நடத்தியே கூட்டிப்போவாள். "நான் எதுக்கும்மா?" என்றேன். "தொணைக்கு வாடி," என்றாள். நல்ல பாவாடை கட்டிக்கொள்ளச் சொன்னாள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு லேடி டாக்டர் வீட்டு வாசலில் இறங்கினோம்.

டாக்டரம்மா கண்ணாடி போட்ட, களைத்துப்போன மனுஷி. அம்மா கிரகணக் கதையை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். டாக்டரம்மா நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். "கிரகணத்துக்கும் கொழந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. நல்லா இருக்கும். கூட்டிக்கினு போங்க."

"நீங்க படிச்சவங்க, சொல்லுவீங்க," என்றாள் அம்மா. "வீட்டுல வெச்சிப் பாக்கறது நாங்க இல்ல? இதப் பாருங்க."

என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். நான் என்ன ஏது என்று நினைப்பதற்குள் குனிந்து என் பாவாடையைத் தொடை வரைக்கும் தூக்கிப் பிடித்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா, வாசலில் நர்ஸ், ஓரத்து நாற்காலியில் அண்ணி. எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்படி என்னை ஒரு சுற்றுத் திருப்பினாள். கடையில் புடவையைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டுவார்களே, அந்த மாதிரி.

"வீட்டுக்கு இது ஒண்ணு போதும்மா. இன்னொண்ண தாங்க மாட்டோம். இத எவன் கட்டிக்குவான்? நான் கண்ண மூடுனா இத யாரு பாக்கறது?"

"விடுங்க, பாவாடைய விடுங்க முதல்ல," என்றாள் டாக்டரம்மா. "இது பொறவியில வந்ததில்ல. இளம்பிள்ளை வாதம். காய்ச்சல்ல வந்தது. வயித்துல இருக்கற கொழந்தைக்கு இது வராது. புரியுதா?"

"புரியுதும்மா," என்றாள் அம்மா. பாவாடையை விடவில்லை.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டு அண்ணி பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. உனக்கு இந்தக் கொழந்த வேணுமா வேணாமா? மாமியாருக்காகச் சொல்லாத. உன் மனசுல இருக்கறத சொல்லு."

அண்ணி அதுவரை என் காலைத் துணியில்லாமல் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் இருந்தும் நான் காட்டியதில்லை. அவள் முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தாள், பிறகு பாதத்திலிருந்து மேலே பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேணும்னு சொல்லு, வேணும்னு சொல்லு என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"வேணாம்மா," என்றாள்.

"இவ காலுக்காக நான் செய்ய முடியாது," என்றாள் டாக்டரம்மா. "ஆனா நீ பயந்து செத்துப்போயிருக்க. இந்த மனசோட புள்ளைய சொமக்க வெச்சா உனக்குத்தான் ஆபத்து. சட்டத்துல அதுக்கு எடம் இருக்குது. நாளைக்கு வெறும் வயித்தோட வா."

அப்போதுதான் அம்மா பாவாடையை விட்டாள். கசங்கியதை நீவிக்கூட விட்டாள்.

அது முடிந்த மறுநாள் நான் கூடத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் அழுகிறாள் என்பார்கள். விஷயத்தைக் கேட்டதும் தெலுங்குக்காரப் பெண் வாயில் கை வைத்தாள். "நெஜமாவே கலைச்சிட்டாங்களா? ஐயோ பாவம்டி! அந்தக் கொழந்த இன்னா பண்ணுச்சு? உங்க அம்மா கொலகாரிடி!"

"நீதான கை தூக்குன?"

"நான் சும்மா சொன்னேன்டி. வெளையாட்டுக்குச் சொன்னத யாராச்சும் செய்வாங்களா?"

முதலாளி மகள் மட்டும் சொன்ன சொல்லில் நின்றாள். "பண்ணது கரெக்ட்தான்டி. ஒரு ரிஸ்க் எதுக்கு? வேணும்னா அடுத்தது பெத்துக்கலாம்." சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள். டாக்டர் இதில் ரிஸ்க்கே இல்லை என்று சொன்னதை அவளிடம் சொன்னேன். "அப்பிடியா?" என்றாள். பக்கத்தைப் புரட்டினாள்.

வீட்டில் அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், வேண்டுதலாம். அண்ணிக்கு யாரும் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை. நான் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போனேன். அவள் என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"உன் காலப் பாக்காம இருந்திருந்தா வேணும்னுதான் சொல்லியிருப்பேன். பாத்தவுடனே எனக்கு ஒடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சி. இன்னா பண்ணச் சொல்ற?"

அவள் என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. என் கால் செய்த தப்பை எனக்குத் தெரிவித்தாள். அவளுக்குப் பதினெட்டு வயது. இன்னும் கொஞ்சம் பேச விட்டிருந்தால் அதற்காக என்னையே ஆறுதல் சொல்ல வைத்திருப்பாள்.

"எழுந்து உக்காரு அண்ணி. கஞ்சி ஆறுது."

"அங்க வெச்சிட்டுப் போ."

"வெக்க மாட்டேன். திரும்பி என்னப் பாத்து வாங்கிக்கோ."

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். நான் அசையவில்லை. ஒற்றைக் காலில் நிற்பது எனக்குப் பழக்கம், எவ்வளவு நேரமும் நிற்பேன். கடைசியில் பசிதான் அவளைத் திருப்பியது. எழுந்து உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டே கையை நீட்டினாள். நான் டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன்.

குடித்து முடித்தாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அறை நீளத்துக்கும் நடந்து அடுப்படிக்குப் போனேன். மெதுவாகத்தான் போனேன்.