கவர் மாறிய மாலை

திருவிடந்தைக் கோயிலைச் சுற்றிக்காட்டுவது என் பிழைப்பு. மாமல்லபுரத்திலிருந்து ஆட்களை வேனில் அழைத்து வருவேன். சோழர் காலத்துக் கல்வெட்டில் என்ன இருக்கிறது, விளக்கெரிக்க யார் என்ன கொடுத்தார்கள் என்று தொண்டை வற்றச் சொல்லி முடித்தால் ஒரே ஒரு கேள்விதான் வரும். இங்கே மாலை போட்டால் கல்யாணம் ஆகுமாமே, உங்களுக்கு ஆகிவிட்டதா?

ஆகவில்லை, போதுமா?

கல்யாணம் ஆகாதவர்கள் பெருமாளுக்குச் சாத்திய மாலையைப் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றி, அதை வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் ஜோடியாக வந்து, காய்ந்த மாலையைக் கோயிலிலேயே சேர்த்துவிட வேண்டும். அக்கா நானும் தங்கையும் ஒரே நாளில்தான் போட்டோம். கூடுவாஞ்சேரி வீட்டில் ஒரே ஆணியில், ஒரே ஜவுளிக்கடைக் கவர்களில் இரண்டும் தொங்கின. தங்கைக்குக் கல்யாணம் ஆனது. அவள் கொண்டுபோய்ச் சேர்த்தது என் மாலையை. அடையாளத்துக்கு அவள் மாலையில் அம்மா கட்டியிருந்த சிவப்பு நூல், மிச்சமிருந்த கவருக்குள் இருந்தது. அன்றிலிருந்து, வேறு மாலை போட்டுக்கொள் என்று அம்மா என்னை நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன விடவில்லை. நானும் தங்கையைத் திட்டாத திட்டில்லை.

போன மாதம் ஸ்பெயினிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒருவர், தன் ஊரில் ஒரு பழைய மடாலயத்தைச் சுற்றிக்காட்டுகிறவர். எண்ணூறு வருடக் கதையைச் சொல்லி முடித்தால் கழிவறை எங்கே என்று கேட்பார்களாம். அப்பாடா, என்னைப் போலவே நொந்துபோன ஒரு ஆள். உற்சாகமாக அவருக்குக் கல்வெட்டைக் காட்ட ஆரம்பித்தேன்.

"கொஞ்சம் கழுத்தக் குனி."

பின்னால் அம்மா, கையில் பெருமாளுக்குச் சாத்தி வாங்கிய புது மாலையோடு. முட்டிவலியை வைத்துக்கொண்டு, கேளம்பாக்கத்தில் பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"வேலையில கீறேன்மா. மானத்த வாங்காத."

"உன் வேலைய யாரு இன்னா பண்ணாங்க? சுத்திட்டு வந்து பேசு."

சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கல்யாணமே வேணாம்னு எத்தினி தபா சொல்றது? உன் சின்னப் பொண்ணு கண்ணத் தொறந்து பாத்து எடுத்துனு போயிருந்தா இந்தப் பேஜாரே கெடையாது."

அம்மா மாலையைத் தாழ்த்தினாள்.

"அவ எடுக்கல. கல்யாண வூட்டு அவசரத்துல நாந்தான் எடுத்துக் குடுத்தேன்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உனக்கு வேணாம்னா வேணாம். என்னாலதான் இல்லாம பூட்ச்சுன்னு இருக்கக் கூடாது. அத்த என்னால தாங்க முடியாது."

இத்தனை நாளும் இதை மென்று முழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். எரிச்சல் அடங்கவில்லை, அழுகையும் கூடச் சேர்ந்துகொண்டது. கூட்டத்தை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுக் குனிந்தேன்.

மாலையோடு நான் சுற்ற, அம்மா நொண்டிக்கொண்டே கூட வந்தாள். சன்னதிக்கு நேரே வரும்போதெல்லாம் நின்றாள்.

"இது பெரியவளோடது, பெருமாளே. நல்லா பாத்து வெச்சுக்க."