ஆறு ஈயக்குண்டு

என் மகளை எடை போட அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் அவள் இடுப்பில் அரைஞாண் கயிற்றைக்கூட விட்டுவைக்க மாட்டேன். கயிற்றைக் கழற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் மாதாமாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இப்போதிருக்கும் டீச்சரோ, இந்தக் கயிறு என்ன கிலோ கணக்கிலா இருக்கப்போகிறது என்று சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். கயிற்றோடு எடை போட்ட கதை எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அதில் யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சம்பந்தப்பட்டவர்களை வரிசையாக நிறுத்தினால் முதல் ஆளாக நான்தான் நிற்க வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு எட்டு மாதம். லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த புயலுக்கு ஒதுங்கும் கட்டடத்தில்தான் அங்கன்வாடி. விட்டத்தில் வட்ட முகத்தோடு ஒரு தராசு தொங்கும். கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த துணிப்பையில் பிள்ளையைப் போட்டு அதில் மாட்டுவார்கள். பிள்ளை அந்தரத்தில் கால் உதைத்துக் கத்தும், முள் ஆடி நிற்கும், டீச்சர் அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். பச்சையில் விழுந்தால் நல்லது, மஞ்சளில் விழுந்தால் திட்டு, சிவப்பில் விழுந்தால் ஆஸ்பத்திரி. தம்பியின் புள்ளிகள் மஞ்சளில் ஆரம்பித்து, சிவப்பைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தன.

டீச்சர் பழவேற்காட்டிலிருந்து குடையும் கையுமாக ஷேர் ஆட்டோவில் வருபவர். சொன்னதையே எத்தனை முறை சொன்னாலும் சலிக்காதவர். சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சு, முட்டையை மசித்துக் கொடு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு என்று அம்மாவிடம் மாதம் தவறாமல் சொல்வார். எங்கள் வீட்டில் அது யார் காதில் ஏறியது? எங்கள் வம்சமே ஒல்லிதான் என்று நைனா சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார். பல் முளைக்கிறது, அதனால்தான் இளைக்கிறான் என்பது நைனாவின் அக்காவான என் அத்தையின் தீர்ப்பு. எட்டு மாதமாக முளைத்துக்கொண்டிருந்த அந்தப் பல்லை யாரும் பார்த்ததில்லை. சத்துமாவில் பாதியை நான் சர்க்கரை போட்டு வெறும் மாவாகவே அள்ளித் தின்றேன். மீதியை அத்தையின் கோழிகள் தின்றன. கோழிகள் நன்றாக இருந்தன.

அம்மா பிரசவமாகி நாற்பதாம் நாளே நெத்திலி காயப்போட மணலில் இறங்கியவள். விடிந்தால் போவாள், வெயில் உச்சிக்கு வரும்வரை திருப்பிப் போடுவாள், நடுவில் ஓடிவந்து தம்பிக்குப் பால் கொடுப்பாள். அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே அரிது. நான் அதையெல்லாம் பார்க்கிற வயதிலும் இல்லை.

அடுத்த மாதமும் இறங்கினால் பேச்சே கிடையாது, தாயும் பிள்ளையும் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் தங்கியே ஆக வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அம்மா முதல்முறையாக எதிர்த்துப் பேசினாள்.

"நான் அங்க போய் குந்திக்கினா நெத்திலிய யாரு பாக்கறது டீச்சர்? இவள யாரு பாத்துக்குவாங்க?"

பக்கத்திலேயே இருந்த அத்தை, தான் இருக்கும்போது என்ன கவலை என்றாள். அத்தை தலை வாரினால் தோலே உரிந்து வந்துவிடும். அவள் வீட்டில் பதினைந்து நாளா? தம்பி இளைக்கிறான் என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகப் பட்டது.

தம்பியின் அரைஞாணில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு தொங்கும். கண்ணேறு படாமலிருக்கக் கோயிலில் கொடுத்த திருநீறும் ஒரு துண்டு மஞ்சளும் அதில் இருந்தன. எடை போடும்போது டீச்சர் சட்டை, கொலுசு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார், முடிச்சை மட்டும் தொடமாட்டார். ஒருமுறை வேறொரு பிள்ளையின் முடிச்சை அவிழ்த்துவிட்டார், அந்தப் பிள்ளைக்கு மறுநாள் காய்ச்சல் வந்துவிட்டது. குப்பமே திரண்டு பத்து நாள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியது. அதிலிருந்து எங்கள் குப்பத்தில் பிள்ளைகளை முடிச்சோடுதான் எடை போட்டார்கள்.

வலை தண்ணீரில் மூழ்குவதற்காக அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோப்பார்கள். விரல் நுனி அளவுதான் இருக்கும், ஆனால் கனம். நைனா ஒரு பால்பவுடர் டப்பாவில் உபரிக் குண்டுகளைப் போட்டு வைத்திருப்பார். எடை போடும் நாள் காலையில் அம்மா மணலுக்குப் போனதும் நான் ஆறு குண்டுகளை எடுத்தேன். தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் முடிச்சை அவிழ்த்து உள்ளே போட்டு, பள்ளிக்கூட ஷூவுக்குப் போடும் முடிச்சைப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சு அதுதான். கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற குழந்தையின் இடுப்பில் ஈயத்தைக் கட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அன்று முள் ஏறியது. டீச்சருக்கு வாயெல்லாம் பல். அம்மாவைப் பாராட்டிவிட்டு, இனி கூடுதல் மாவும் முட்டையும் வேறு பிள்ளைக்குப் போகும் என்றார். மாவு போய்விட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம், அத்தை வீடு தப்பியதில் நிறைய சந்தோஷம். அம்மா அட்டையைப் பார்க்கவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குண்டுகளை உடனே எடுத்துவிட நினைத்தேன். அவன் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கினால்தானே? சரி, அடுத்த மாதமும் தேவைப்படும், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா தினமும் அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். முடிச்சு அழுத்திய இடத்தில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது, அதற்கு எண்ணெய் தடவினாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்கள் எதையும் கவனிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த மாதம் முள் இன்னும் கொஞ்சம் ஏறியது. நான் புதிதாக எதையும் போடவில்லையே, அப்படியென்றால் தம்பி நிஜமாகவே தேறிவிட்டான் என்று நம்பினேன். துணிப்பையில் மாட்டியபோது அவன் காலை உதைக்கவில்லை, கத்தவில்லை. பிள்ளை இப்போது சமத்தாகிவிட்டான் என்று அத்தை சொன்னாள். அந்த வார்த்தையை இன்று யார் எந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது மாதம் டீச்சரிடம் புதிதாக ஒரு நாடா இருந்தது. பிள்ளையின் மேல்கையைச் சுற்றிப் பிடித்தால் பச்சையோ மஞ்சளோ சிவப்போ காட்டும். தம்பியின் கையில் சிவப்புக்குள் வெகுதூரம் போய் நின்றது. டீச்சர் தராசைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், அட்டையைப் புரட்டினார்.

"முள்ளு ஏறிக்கினே போவுது, புள்ள எறங்கிக்கினே போறான். இன்னாம்மா இது?"

பிறகு கையை நீட்டி அந்தச் சிவப்பு முடிச்சை அமுக்கிப் பார்த்தார். யாரையும் கேட்காமல் அவிழ்க்கத் தொடங்கினார். அவிழவில்லை. நகத்தால் நெண்டினார், பல்லால் கடித்தார், கடைசியில் பிளேடு வாங்கி அறுத்தார். மாட்டிக்கொண்ட பயத்திலும் எனக்கு ஒரு மூலையில் பெருமையாக இருந்தது. நான் போட்ட முடிச்சு இவ்வளவு கெட்டியா? குண்டுகள் சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டன.

யார் செய்த வேலை இது என்று டீச்சர் கேட்டார். அம்மாவின் வாய் திறந்து அப்படியே நின்றது. நான்தான் என்று சொன்னேன். அடுத்த கணம் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அடித்தது அம்மா. அடித்த கையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

டப்பாவில் குறைந்தால் நைனா வேறு அடிப்பாரே என்று அழுதுகொண்டே குண்டுகளைப் பொறுக்கினேன். பொறுக்கப் பொறுக்க வந்தன. எண்ணினால் பதினொன்று இருந்தது. செய்யாத தப்புக்கும் சேர்த்து அறை வாங்கியது எனக்குத் தாங்கவில்லை.

"நான் ஆறுதான் போட்டேன் டீச்சர்."

டீச்சர் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பியின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முட்டைக்குக் கணக்கு வரவில்லையென்றால் தெருவைக் கூட்டுகிற டீச்சர், அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. அட்டையில் கடைசி இரண்டு புள்ளிகளை அடித்தார். ஆஸ்பத்திரிச் சீட்டை எழுதினார். குடையை எடுத்துக்கொண்டார்.

"கெளம்பும்மா. நானும் வரேன்."

தம்பி பிழைத்துக்கொண்டான். இன்று பிளஸ் டூ படிக்கிறான். மூன்று பேர் சோற்றைத் தின்றுவிட்டு, குழம்பில் உப்பில்லை என்கிறான். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கும் வேளாவேளைக்குச் சோறு போட்டார்களாம். அங்கேதான் தான் உட்கார்ந்து சாப்பிட்டதாக ஒருமுறை சொன்னாள். இதைத் தவிர்க்கவா இத்தனை மாதம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. குண்டுகளைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

பன்னிரண்டு வயதில் அம்மா எனக்கு வலை முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தாள். ஈரம் பட்டால் இறுகிவிடும், அப்புறம் அறுத்தால்தான் உண்டு என்றாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. ஷூ முடிச்சோ ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடுவது.

ஆனால் அந்தப் பதினைந்து நாளும் எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. தலைத்தோல் எரிய, அத்தையோடு மணலில் குந்தி நெத்திலியைத் திருப்பிக்கொண்டே விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். டப்பாவிலிருந்து எடுத்தது ஆறு, முடிச்சில் போட்டது ஆறு. எத்தனை தடவை எண்ணினாலும் ஆறுதான் வந்தது. கணக்குப் பாடத்தில் எப்போதும் மார்க் குறைகிறவள் நான். போடும்போது தப்பாக எண்ணிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.