ஜப்பான் அம்மாள் கொடுத்த மண் கிண்ணம்

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஷூ கம்பெனியில் நான் பேக்கிங், என் மனைவி செக்கிங். தையல் கோணலாகப் போயிருந்தால் விரலால் தடவியே சொல்லிவிடுவாள்.

ஒரு வருடம் ஜப்பானிலிருந்து ஆர்டர் வந்தது. சரக்கைச் சரிபார்க்க அங்கிருந்து ஓர் அம்மாள் வந்து, மூன்று வாரம் என் மனைவியின் மேஜையிலேயே நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு ஜப்பான் மொழி தெரியாது. ஷூவைத் திருப்பித் திருப்பிக் காட்டியே பேசிக்கொண்டார்கள். கிளம்பும் நாளில் அவர் துணியில் சுற்றிய ஒரு மண் கிண்ணத்தையும் பச்சைத் தேயிலைப் பொட்டலத்தையும் அவள் கையில் வைத்தார். உள்ளங்கை அளவுக் கிண்ணம். மெருகு எதுவும் பூசாத கருஞ்சிவப்பு மண். ஒரு மூடி, ஊற்ற ஒரு மூக்கு. பிடி மட்டும் இல்லை.

அன்றைக்கே அதில் பால் டீயைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம். தூக்கப் போய் அவள் விரலைச் சுட்டுக்கொண்டாள்.

"பிடியே வெக்காம இன்னாத்துக்கு இத பண்ணாங்க?" என்றேன்.

பால் வாசம் மண்ணில் ஊறிவிட்டது. எத்தனை தடவை கழுவியும் போகவில்லை. கிண்ணம் அலமாரிக்குப் போனது.

அடுத்த மாதம், அவளை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்புவதாகக் கம்பெனியில் சொன்னார்கள். அந்த அம்மாள் இவளைத்தான் கேட்டிருந்தார். நான் வேண்டாம் என்றேன். பொண்ணுக்கு நாலு வயசு என்று காரணம் சொன்னேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் தயாராகத்தான் இருந்தார். பொண்டாட்டியைத் தனியாக வெளிநாடு அனுப்பினால் கூட வேலை செய்பவர்கள் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன், அவ்வளவுதான். அவள் மறுநாளும் செக்கிங் மேஜைக்கே போனாள்.

ஒன்பது வருடம் கழித்து, சோறு இறங்கவில்லை என்றாள். வேலூரில் காட்டியபோது உணவுக்குழாயில் புற்று என்றார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு, எங்கள் பேச்சில் கரண்ட் வைக்க, வாரத்தில் ஐந்து நாள் பஸ்ஸில் போய் வந்தோம். மூன்றாவது வாரத்தில் தொண்டையெல்லாம் புண். சூடாக எதுவும் ஆகாது. டீ இல்லாமல் விடியாதவள், டம்ளரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எட்டாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் பொண்ணு அலமாரியிலிருந்த மண் கிண்ணத்தை எடுத்து வந்து, அதைப் பற்றிப் போனில் தேடிப் பார்த்தாள். "அப்பா, இதுல கொதிக்கிற தண்ணி ஊத்தக் கூடாதாம். ஆற வெச்சுதான் ஊத்தணுமாம். அதான் பிடி இல்ல."

வேலூரில் ஒரு கடையில் பச்சைத் தேயிலை வாங்கினேன். நர்ஸைக் கேட்டதற்கு, வெதுவெதுப்பாக இருந்தால் கொடுக்கலாம் என்றார். தினமும் காலையில் தண்ணீரைக் காய்ச்சி, கை பொறுக்கும்வரை ஆறவிட்டு, கிண்ணத்தில் போட்ட தேயிலை மேல் ஊற்றிக் கொடுப்பேன். மடக்கு மடக்காகக் குடிப்பாள்.

"அந்தம்மா ஊர்ல இப்படித்தான் குடிப்பாங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"தெர்லியே."

"நான் போயிருந்தா பாத்துட்டு வந்து சொல்லியிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "ஆறிடப் போவுது, குடி" என்றேன்.

மழை தொடங்கியபோது தண்ணீரும் இறங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டாள்.

மறு வருடம் அந்த அம்மாள் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. செக்கிங் மேஜையில் அவளைத் தேடியிருக்கிறார். சூப்பர்வைசர் விஷயத்தைச் சொல்லி என்னிடம் அழைத்து வந்தார். அவர் இடுப்பு வளையக் குனிந்து, வெகு நேரம் நிமிரவே இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்து, அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. "நான்தாம்மா அவள உங்க ஊருக்கு அனுப்பல" என்றேன். அவருக்குப் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

கார் போனதும் பொண்ணு என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, அம்மாவ ஏன் அனுப்பல?"

அவளுக்கு அதுவரை தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.