விக் மாட்டிய நெலிதா

நெலிதாவுக்கு வந்த கோபம் நியாயமான கோபம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கோமாஸ் என்கிற மேட்டுக் குடியிருப்பில் இன்றைக்கும் பாதிப் பேர் "ஒரு காமெடிக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களில் யாரும் தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று தெரியாமல் நாலு வாரம் விழுந்து விழுந்து சிரித்தவர்கள் இல்லை.

நாற்பத்தாறு வயது. காமார்ரா துணிச் சந்தையில் ஓவர்லாக் மெஷினில் வாரம் ஆறு நாள் டீ-ஷர்ட்டுக்கு ஓரம் அடிப்பாள். ஞாயிறு காலையில் பன்றி வறுவல் வைத்த ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, மேட்டின் அடியில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவாள். மகனை அங்கிருந்து காதைப் பிடித்து இழுத்துவரப் போனவள்தான். மகன் பிழைப்புத் தேடி சிலிக்குப் போய்விட்டான், அம்மா அங்கே ஆடும் ஆன்லைன் சண்டை ஆட்டத்தில் தங்கிவிட்டாள். அவள் ஹீலர். சண்டையில் அடிபட்டு விழுகிறவர்களுக்கு உயிர் ஏற்றுவது அவள் வேலை. ஹீலர் அசந்தால் படையே காலி. எட்டு வருஷத்துக்கு முன் அந்தப் படையைத் தொடங்கியவளும் அவள்தான். இன்றைக்கும் தலைவி அவள்தான்.

படையில் இன்னும் மூன்று பேர்: எடின்சன், ரோலி, மிலாக்ரோஸ். மூவருக்கும் முப்பதுக்குள்தான் வயது. ஆன்லைன் ஆட்டக்காரர்கள் அடிக்கும் கூத்தை வைத்து எடின்சன் ஒரு வெப் சீரிஸ் ஆரம்பித்தான். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. மிலாக்ரோஸின் செல்போன்தான் கேமரா. கதை, வசனம், வீரத் தளபதி வேஷம் எல்லாம் எடின்சன். உடை மட்டும் நெலிதா.

"அக்கா, ஒரு ஆன்ட்டி கேரக்டருக்கு ஏப்ரன் வேணும். ரோலி அளவுக்கு."

தைத்துக் கொடுத்தாள். மார்புக்குப் பஞ்சு வைத்து, ரோலியை நிற்கவைத்து அளவு பார்த்து, சிரித்துச் சிரித்துத் தைத்தாள். ஊசி குத்திவைக்க மணிக்கட்டில் கட்டும் பழைய திண்டு ஒன்றும் எடின்சன் கேட்டான். மேசையில் சும்மா வைக்க என்றான். அதையும் கொடுத்தாள்.

வியாழன்தோறும் ஒரு பாகம் வரும். வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே பார்த்துவிடுவாள். எல்லாமே பிடித்தது, ஆனால் விக் மாட்டிக்கொண்டு ரோலி வருகிற அந்த ஆன்ட்டியைத்தான் ரொம்பப் பிடித்தது. ஆன்ட்டியும் ஹீலர். சண்டை நடுவில் குறட்டை விடுவாள். எதிரிக்கு உயிர் ஏற்றிவிட்டு, "கண்ணாடி போடலப்பா" என்பாள். நெலிதாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பக்கத்து மெஷின்காரியிடம்கூடச் சொன்னாள்: "எங்க மேட்டுல உருளைக்கிழங்கு விக்கிறாளே, அவளப் பாத்துத்தான் எழுதியிருக்கானுங்க. பாவம், அவளுக்குத் தெரிஞ்சா என்னாவாளோ!"

ஐந்தாம் பாகத்தில் ஆன்ட்டியின் இடது மணிக்கட்டில் அந்தத் திண்டு இருந்தது. நெலிதாவின் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஆன்ட்டி, "மகன் போன்! மகன் போன்!" என்று அலறி எழுந்தாள், ஹெட்ஃபோன் ஒயர் தடுக்கிக் குப்புற விழுந்தாள், படை மொத்தமும் செத்தது.

எட்டு வருஷத்தில் நெலிதா சண்டையை விட்டு எழுந்தது ஒரே ஒரு நாள். ஏழு மாதம் பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்த மகன் சிலியிலிருந்து கூப்பிட்ட நாள். அன்றைக்கு அவள் அழுததைக் கேட்டவர்கள் இந்த மூன்று பேர் மட்டும்தான்.

இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். அவமானம் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வாங்கவில்லை. மூவரும் அடுத்த பாகத்துக்கு ஆட்டத்தைப் படம்பிடிக்கத் தயாராக இருந்தார்கள். நெலிதா உட்கார்ந்து, தலைவிக்கு மட்டும் திறக்கும் படையாட்கள் பட்டியலைத் திறந்தாள்.

"எடின்சன், அந்த ஆன்ட்டி யாரு?"

"அய்யோ அக்கா, அது சும்மா கற்பனை."

"திண்டு யாரோடது? மகன் யாரோட மகன்? அதுவும் கற்பனையா?"

"பாசத்துலதான்கா பண்ணோம். ஜனங்களுக்கு ஆன்ட்டின்னா உசுரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? கேட்டா வேணாம்பேன்னு தெரியும், அதான் கேக்கல. என்னை மட்டம்தட்டுற ஏப்ரன என் கையாலயே தைக்க வச்சியேடா, பாவி!"

பட்டனைத் தட்டினாள். எடின்சன் படையிலிருந்து நீக்கப்பட்டான் என்று நாலு திரையிலும் வந்தது.

"அக்கா, அவன் எழுதினத நான் நடிச்சேன், அவ்வளவுதான்" என்றான் ரோலி.

"கொறட்டை நல்லா விட்டடா. போ." ரோலியும் போனான்.

மிலாக்ரோஸ் அழுதாள். "எனக்குத் தெரியும்கா. தெரிஞ்சேதான் சிரிச்சேன். தப்பு."

"தப்புன்னு தெரிஞ்சும் கேமரா ஒரு இடத்துல ஆடலையேடி!"

அவளும் போனாள். ஞாயிற்றுக்கிழமை பேச நெலிதாவுக்கு இருந்தது இந்த மூன்று பேர்தான். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் தனியாக ஆடிப் பார்த்தாள். உயிர் ஏற்ற ஆள் இல்லாத ஹீலருக்கு என்ன வேலை? அதற்கும் சேர்த்து அவர்கள்மேல்தான் எரிச்சல் வந்தது.

ஆறு வாரம் கழித்து ஆறாம் பாகம் வந்தது. பார்க்கவே கூடாது என்று சத்தியம் பண்ணியிருந்தவள், பஸ் ஏறிய ஐந்தாவது நிமிஷம் பார்த்தாள். ஆன்ட்டி படையைக் கலைக்கிற பாகம் அது. அதே பேச்சு, அதே குரல். "கொறட்டை நல்லா விட்டடா, போ" என்று ரோலி விக்கை ஆட்டிச் சொன்னதும் நெலிதாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சிரித்துவிட்டோமே என்று அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அப்புறம் தளபதி எடின்சன் வந்தான். அவனை யாரும் நீக்கவில்லை. ஆன்ட்டியின் தலையைத் தடவி, "நீங்க நல்லாயிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பின்னணியில் வயலின் இசை அழ, தானாகவே பெருமையாக வெளியேறினான். கீழே கமெண்ட்டில் ஆயிரம் பேர் தளபதிக்குக் கண்ணீர் வடித்திருந்தார்கள்.

நெலிதா ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையின் கட்டைவிரலால், எல்லோரும் படிக்கும் இடத்தில் தட்டினாள்:

"அந்த ஆன்ட்டி நான்தான். பேரு நெலிதா ஹுவார்காயா, கோமாஸ். ரோலி நல்லா நடிச்சிருக்கான். ஆனா எடின்சன் தானா போகல. மொதல்ல நான் தொரத்தினதே அவனைத்தான். திருத்திப் போடு."