எழுந்து நின்றதால் நம்பவில்லை

நான்கு வருடங்களுக்கு முன், டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது. நான் அங்கே கங்காணி. ஒரு வாரமாக விடாத மழை. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் அலுப்பு, அவர்களை விரட்டும் எனக்கும் அலுப்பு.

அன்று பத்து மணி வாக்கில், என்னைவிட மூத்த ஒரு அக்கா சரிவில் வழுக்கி, கீழே தண்ணீர் வடியும் கானுக்குள் கிடந்த கல்லின்மேல் உட்கார்ந்தபடியே விழுந்தார். நான் ஓடிப்போவதற்குள் தானே எழுந்து நின்றுவிட்டார். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

“நடுமுதுகு வெட்டி இழுக்குது கங்காணி. லயத்து வீட்டுக்குப் போறேனே.”

காலையிலேயே ஆள் குறைவு. தோட்டத்தை நடத்தும் துரையிடம் திட்டு வாங்க எனக்குத் தெம்பில்லை. “எலும்பு ஒடஞ்சிருந்தா நிக்க முடியுமாக்கா? சரியாயிரும், போய்ப் பறிங்க” என்றேன். அவர் கூடையை மாட்டிக்கொண்டு திரும்பினார். மாலை கொழுந்து நிறுக்கும் வரை பறித்தார். குனியும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அவருடைய கணவர் ஓடிவந்தார். “எந்திரிக்க முடியல. காலு மரத்துப்போச்சுங்கிறா.”

லயத்துக்குப் போனால், அவரைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைக்க இரண்டு பேர் தயாராக நின்றார்கள். தோட்டத்து மருந்துக்காரர் வந்து சத்தம் போட்டார்: முதுகு கொஞ்சமும் வளையக் கூடாது. கதவைக் கழற்றி, அதில் நேராகக் கிடத்தி, லொறியில் ஏற்றினோம். நுவரெலியா ஆஸ்பத்திரி வரை ஒவ்வொரு குழிக்கும் அவர் முனகினார். நான் பலகையை இறுக்கிப் பிடித்தபடியே போனேன்.

எக்ஸ்ரே படத்தைக் காட்டிய சிங்கள டாக்டர், தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார். முள்ளந்தண்டில் ஓர் எலும்பு நசுங்கியிருக்கிறது. அப்படியிருந்தும் சிலர் நடப்பார்கள். அசைய அசைய உடைந்த துண்டு நகர்ந்து நரம்பை அழுத்தியிருக்கிறது.

“நேத்தே ஏன் வரல்ல?”

கணவர் என்னைப் பார்த்தார்.

கண்டிக்கு அனுப்பி, ஆணியும் கம்பியும் வைத்து எலும்பை நிறுத்தினார்கள். காலில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மூன்று மாதம் இடுப்பிலிருந்து நெஞ்சுவரை பெல்ட். சுவரைப் பிடித்துப் பிடித்து நடை பழகினார். ஒருநாள் போய், என் தப்புதான் என்றேன்.

“அன்னைக்கு நீங்களும் அலுத்துப்போயிருந்தீங்க. விடுங்க கங்காணி.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது அவர் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். அழுகிற குழந்தையைத் தூக்க மட்டும் முடியாது; பக்கத்தில் போய் மெல்ல உட்கார்ந்து தடவிக்கொடுக்கிறார்.

நான் இன்னும் அதே மலையில்தான், அதே அலுப்போடு. ஆனால் வலிக்கிறது என்று யார் சொன்னாலும் அந்த நிமிடமே அனுப்பிவிடுகிறேன். இவ்வளவு சின்ன விஷயத்தை நான் கற்றுக்கொள்ள இன்னொருவர் முதுகு ஒடிய வேண்டியிருந்ததே என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை.